ஒரு நாட்டில் படித்த செவிலியரும் மருத்துவச்சியும் பக்கத்து நாட்டில் வேலை செய்ய முடியுமா?

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தாராளமாக முடியும். 2005-இல் வந்த தொழில்தகுதி அங்கீகார விதிதான் அதற்கு அடிப்படை. பொதுச் செவிலியர் படிப்பு குறைந்தது 3 ஆண்டு, 4,600 மணி நேரம். அதில் பாதியாவது நேரடி மருத்துவப் பயிற்சியாக இருக்க வேண்டும். மருத்துவச்சிக்குப் படிப்பவர் தன் கையால் 40 பிரசவம் பார்த்திருக்க வேண்டும். அவ்வளவு வாய்ப்பு அமையாவிட்டால் 30 போதும், ஆனால் கூடுதலாக 20 பிரசவங்களில் உடனிருந்து உதவியிருக்க வேண்டும். எல்லா நாட்டுக்கும் இதே கணக்கு என்பதால் ஒருவர் சான்றிதழை இன்னொருவர் நம்பி ஏற்கிறார். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

சரி, நடைமுறையில்? பிரனீஸ் மலையில், ஸ்பெயின் பக்கமுள்ள புச்செர்தா ஊரில் 2014-இல் செர்தான்யா மருத்துவமனை திறந்தார்கள். பிரான்சும் ஸ்பெயினின் கட்டலோனியா பகுதியும் சேர்ந்து நடத்துவது. மலைமேல் இருக்கும் பிரெஞ்சுக் கர்ப்பிணிகள் பிரான்சின் பெர்ப்பிஞான் நகரம் வரை இறங்கிப் போகாமல் எல்லை தாண்டி இங்கேயே வரலாம்.

மொழியை மட்டும் லேசாக நினைக்காதீர்கள். சான்றிதழை ஏற்ற பிறகும் மொழியறிவைச் சோதிக்க அந்த நாட்டுக்கு உரிமை உண்டு. வலியில் துடிக்கிற பெண்ணிடம் “இப்போ முக்காதீங்க, மூச்சை விடுங்க” என்று அவளுக்குப் புரிகிற மொழியில் அந்த நொடியே சொல்லியாக வேண்டும்.