தென்னை மரத்து வைஃபை ரேடியோ: மழைக்காலத்தில் ஏன் தகராறு?

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் எங்கள் தோப்பு. வீட்டிலிருந்து 400 மீட்டர் தள்ளி இருக்கும் மோட்டார் ரூம் கேமராவுக்காக, அங்குள்ள தென்னையில் 40 அடி உயரத்தில் 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவை (வைஃபை சிக்னலைத் தூரத்துக்கு அனுப்பி வாங்கும் கருவி) ஆணியடித்து மாட்டியிருக்கிறோம். மழைக்காலத்தில் லிங்க் விட்டுவிட்டு வருகிறது. எப்படிப் பராமரிப்பது?

பதில்: மழைமேல் பழி போடாதீர்கள். இந்தத் தூரத்துக்கு மழைத்துளி பெரிதாக எதுவும் செய்யாது. சிக்னலைக் குடிப்பது நனைந்த மட்டைகள். 40 அடி என்றால் ரேடியோ அநேகமாகக் கொண்டையை ஒட்டித்தான் இருக்கும். அப்புறம் காற்று. சிக்னலைக் குறுகலாக வீசும் டிஷ் ஆன்டெனா நாலைந்து டிகிரி சாய்ந்தாலே எதிர்முனையைத் தவறவிடும்.

பராமரிப்பதைவிடக் கீழே இறக்குவதே மேல் என்பேன். 25 அடி இடைவெளியில் நட்ட தோப்பில், கொண்டைக்குக் கீழே இரு வரிசைகளுக்கு நடுவே நீளமான வெற்றிடம் கிடைக்கிறது. 400 மீட்டர் லிங்குக்கு நடுவழியில், நேர்கோட்டைச் சுற்றி இரண்டேகால் மீட்டர் காலியாக இருந்தால் தாராளம். இரு முனைகளையும் 15 அடி ஜிஐ பைப்பில் ஏற்றிவிடலாம். வீடு அந்த வரிசைக்கு நேராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஊடுபயிராக வாழை நிற்கிறதா? அதன் இலைகளே வழியை மறைக்கும், அப்போது இந்த யோசனையை மறந்துவிடுங்கள்.

மரத்திலேயே இருக்கட்டும் என்றால், முதலில் ஆணியைப் பிடுங்கி ஓட்டையைத் தார் வைத்து அடையுங்கள். தென்னையில் பட்ட காயம் மூடிக்கொள்ளாது. சிவப்புக் கூன் வண்டு அதில் முட்டையிடும். பெல்ட் போட்டுக் கட்டினால் போதும். மாமரம், சில்வர் ஓக் போல இது பருத்துக்கொண்டே போகாது, அதனால் வருடாவருடம் தளர்த்தத் தேவையில்லை. வெயிலில் நைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். டிஷ்ஷுக்குப் பதில் அகலமாக வீசும் பேனல் ரேடியோ மாட்டுங்கள்.

பழுது அதிகம் வருவது கேபிள் நுனியில். அங்குள்ள ஆர்ஜே45 பிளக்கின் பின்களில் பச்சை பூத்திருந்தால் துடைத்துப் பயனில்லை, வெட்டிவிட்டுப் புது பிளக்கை கிரிம்ப் செய்யுங்கள் (அதற்கான கருவியால் அழுத்திப் பொருத்துங்கள்). ரேடியோவுக்குள் நுழையுமுன் கேபிள் கீழே தொங்கி வளைந்து மேலேற வேண்டும். தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மரம் ஆட ஒரு முழம் தளர்வும் விடுங்கள். கறுப்பு உறையுள்ள வெளிப்புறக் கேபிள்தான் வெயில் தாங்கும். காய் பறிக்க ஏறுபவரிடமே இதையெல்லாம் பார்க்கச் சொல்லலாம். அவர் ஏறுமுன் ரேடியோவுக்குக் கரண்ட் கொடுக்கும் அடாப்டரை அணைத்துவிடுங்கள், குறுக்கே தொங்கும் பழுத்த மட்டையையும் வெட்டித் தள்ளிவிடுவார்.

தென்னையில் இடி விழுவது உங்களுக்குத் தெரிந்ததுதான். மரத்தடியிலும் கேபிள் மோட்டார் ரூமுக்குள் நுழையும் இடத்திலும் சர்ஜ் புரொடெக்டர் (திடீரென எகிறும் மின்சாரத்தைத் தரைக்குத் திருப்பும் கருவி) வைத்து, நல்ல எர்த் கொடுங்கள். நேரடியாக விழுந்தால் அதுவும் காப்பாற்றாது. வானம் கறுக்கும்போதே அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். இடி தொடங்கியபின் அதற்காகத் தோப்புக்குள் ஓடாதீர்கள்.