அம்மா பிபி மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை, எப்படிப் போட வைப்பது?

திட்டுவதை நிறுத்திவிட்டு மாத்திரை அட்டைகளை எண்ணிப் பாருங்கள். எனக்கு அது தோன்றவே ஒரு வருடம் ஆனது.

நாங்கள் மேலூர் பக்கம். அம்மாவுக்கு 68 வயது. காலையில் ரெண்டு மாத்திரை: ஒன்று அம்லோடிபின், இன்னொன்று நீர் மாத்திரை, அதாவது சிறுநீரை அதிகம் போக வைத்து பிபியைக் குறைப்பது. எப்போது கேட்டாலும் "போட்டேன்டா" என்பார். ஆனால் ஆஸ்பத்திரியில் பார்க்கும்போதெல்லாம் பிபி 170. மருந்து போதவில்லை என்று டாக்டரும் டோஸைக் கூட்டினார். வீட்டிலிருக்கும் எனக்கே தெரியாதது அவருக்கு எப்படித் தெரியும்?

ஒருநாள் மருந்து டப்பாவைக் கவிழ்த்தேன். ஒரே நாளில் வாங்கிய ரெண்டு அட்டையில் அம்லோடிபின் காலி, நீர் மாத்திரையில் மூன்று பாக்கி. மறந்துட்டேன் என்றார். மறதி என்றால் ரெண்டும்தானே மிஞ்ச வேண்டும்? மெல்லப் பேச்சுக் கொடுத்ததும் விஷயம் வந்தது. வெள்ளிக்கிழமை மீனாட்சி கோயில், முகூர்த்த நாளில் யார் வீட்டுக் கல்யாணமாவது. மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு 30 கிலோமீட்டர். "நடுவழியில முட்டிக்கிட்டு வந்தா பஸ்ஸை நிறுத்துவானா?" ஆஸ்பத்திரிக்கும் பஸ்தானே? அன்றைக்கும் போடாமல் போய்த்தான் பிபி பார்த்திருக்கிறார்!

டாக்டரிடம் உள்ளதைச் சொன்னோம். வெளியே போகிற நாளில் நீர் மாத்திரையைத் திரும்பி வந்ததும் போடுங்கள், ராத்திரிக்குத் தள்ளாதீர்கள் என்றார். இது அம்மாவுக்குச் சொன்னது. நீங்கள் உங்கள் டாக்டரைக் கேளுங்கள். இப்போது அந்த ஒரு மாத்திரை குங்குமச் சிமிழ் பக்கத்தில் இருக்கும். கோயிலிலிருந்து வந்ததும் கை அங்கேதான் போகும். (ஊறுகாயை இன்னும் நிறுத்த முடியவில்லை, அது தனிக்கதை.)

உங்கள் அம்மாவுக்குக் காரணம் வேறாக இருக்கலாம். அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும். பக்கத்து வீட்டில் யாராவது "கிட்னி போச்சு" என்று கிளப்பிவிட்டால் போதும், மறுநாளே நிறுத்திவிடுவார்கள். எனாலப்ரில் என்ற இன்னொரு பிபி மாத்திரை சிலருக்கு வறட்டு இருமல் தரும். ரெண்டையும் டாக்டரிடம் சொன்னால் மாற்று மருந்து இருக்கிறது. தலைசுற்றல் இல்லை என்று நிறுத்துகிறவர்களும் உண்டு. பிபி ஏறினாலும் பெரும்பாலும் உடம்பில் எதுவும் தெரியாது. அப்புறம், ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் ரெண்டாகப் போட விடாதீர்கள்.

காசுதான் பிரச்சினை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் பற்றிக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம், பிபி மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.