நர்சம்மாவைக் கேளுங்கள்: ஆறே மாதத்தில் நர்ஸ் ஆகிவிட முடியுமா?

(கடலூர் மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராகவும் பகுதி சுகாதார செவிலியராகவும் 38 ஆண்டுகள் வேலை பார்த்து 2024-ல் ஓய்வு பெற்றவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார். இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாம் ஏ.என்.எம். எனப்படும் துணை செவிலியர் படிப்பைப் பற்றியே இருந்தன.)

என் மகள் பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப். அறிவியல் படிக்காதவள் ஏ.என்.எம். சேர முடியாது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா?
– ஓர் அம்மா, குறிஞ்சிப்பாடி

உண்மை இல்லை அம்மா. பி.எஸ்ஸி. நர்சிங்குக்குத்தான் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். அதையும் இதையும் குழப்பிக்கொண்டு சொல்கிறார்கள். ஏ.என்.எம். படிப்புக்கு பிளஸ் டூ தேறியிருந்தால் போதும், எந்த குரூப் என்றாலும் சரி. சேருகிற வருஷம் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும், 35-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. உடல் தகுதிச் சான்று கேட்பார்கள். பெண்களுக்கு மட்டுமான படிப்பு. மொத்தம் 2 வருஷம்: 18 மாதம் பாடமும் பயிற்சியும், கடைசி 6 மாதம் இன்டர்ன்ஷிப்.

நான் படித்த காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி.யே போதும், 18 மாதத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள். 1973-ல் கர்த்தார் சிங் கமிட்டி, பிரசவம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த துணை செவிலியரைப் பல்நோக்கு சுகாதாரப் பணியாளராக மாற்றச் சொன்னது. அதற்குப் பிறகு வந்த செட் நாங்கள். ஒரே கையில் பிரசவம், தடுப்பூசி, மலேரியா ரத்தப் பூச்சு, குடும்ப நலம் எல்லாம். இன்றைக்கு வேலை இன்னும் கூடியிருக்கிறது, அதனால் 2 வருஷம் தேவைதான். உங்கள் மகள் முதல் சில மாதம் உடற்கூறு பாடத்தில் கொஞ்சம் திணறலாம். ஆனால் காமர்ஸ் படித்துவிட்டு வந்த பெண்கள் ரெஜிஸ்டர் எழுதுவதில் கெட்டிக்காரர்கள் என்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் வேலையில் பாதி அதுதான்.

பண்ருட்டியில் “6 மாதத்தில் நர்சிங் டிப்ளமோ, வேலை உறுதி” என்று ஒரு போஸ்டர் பார்த்தேன். போய் விசாரித்தேன், 25 ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள். பிளஸ் டூ கூட வேண்டாமாம். இதை வைத்து அரசு வேலைக்குப் போக முடியுமா?
– ஒரு வாசகி, பண்ருட்டி

முடியாது, மகளே. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம்.

என் தங்கை மகள் இப்படித்தான் ஓர் இடத்தில் சேர்ந்தாள். பெயர் வேண்டாம், அந்த இடத்தை இப்போது மூடியும் விட்டார்கள். ஒரு மளிகைக் கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு எலும்புக்கூடு படம், ஒரு பி.பி. கருவி. ஒரு வருஷம் முடிந்ததும் தங்க நிற முத்திரை குத்திய சான்றிதழ் கொடுத்தார்கள். அதை வைத்து ஒரு கிளினிக்கில் மாதம் 4,500 ரூபாய்க்கு வேலை கிடைத்தது. ஊசி போட்டாள், டிரிப் ஏற்றினாள், எல்லோரும் “சிஸ்டர், சிஸ்டர்” என்று கூப்பிட்டார்கள். மூன்று வருஷம் கழித்து அரசு அறிவிப்பு வந்தது. விண்ணப்பத்தில் கவுன்சில் பதிவு எண் என்று ஒரு கட்டம். அவளிடம் எழுத எண் இல்லை. இருவரும் சென்னைக்குப் போனோம். கவுன்சில் அலுவலகத்தில் இருந்த அம்மா சான்றிதழை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்தப் படிப்பை நாங்கள் பதிவு செய்வதில்லைம்மா” என்று மெதுவாகத்தான் சொன்னார். திரும்பி வரும்போது விழுப்புரம் வரைக்கும் அவள் வாயே திறக்கவில்லை. அத்தனை வருஷம் அதே துறையில் இருந்த பெரியம்மா நான். அவள் சேர்ந்த அன்றைக்கு “இதற்குப் பதிவு உண்டா?” என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் எனக்குள் இருக்கிறது. பிறகு 24 வயதில் முறையான ஏ.என்.எம். சேர்ந்து, மறுபடி 2 வருஷம் படித்தாள்.

விஷயம் இதுதான். படிப்பை முடித்தவரை மாநில நர்சுகள், தாதியர் கவுன்சில் தன் பதிவேட்டில் ஏற்றி ஒரு எண் கொடுக்க வேண்டும். அந்த எண் இருந்தால்தான் நீ சட்டப்படி துணை செவிலியர். நம் தமிழ்நாட்டுக் கவுன்சில் 1926-ம் வருஷச் சட்டத்தில் வந்தது. நாடு முழுவதற்கும் பாடத்திட்டத்தை வகுத்தது இந்திய நர்சிங் கவுன்சில், அதன் சட்டம் 1947. இப்போது அதற்குப் பதிலாகத் தேசிய ஆணையம் அமைக்க 2023-ல் புதுச் சட்டம் வந்திருக்கிறது. மேலே யார் இருந்தாலும், பதிவு இல்லாத சான்றிதழ் வெறும் காகிதம்தான்.

ஆகவே எங்கே சேருவதாக இருந்தாலும் முதலில் அந்தப் பள்ளியின் பெயர் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று நீயே பார். அவர்கள் செல்போனில் காட்டுகிற படத்தை நம்பாதே. பட்டியலில் ஏ.என்.எம். என்றே இருக்க வேண்டும். அதே நிர்வாகத்தின் வேறொரு படிப்புக்கு அங்கீகாரம் இருப்பதைக் காட்டி ஒப்பேற்றுகிறவர்களும் உண்டு. அப்புறம் ஒரு கேள்வி கேள்: “பிரசவ வார்டு பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், கிராமப் பயிற்சி எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில்?” நல்ல பள்ளி உடனே பெயரைச் சொல்லும். மழுப்பினால் எழுந்து வந்துவிடு. கட்டுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்கு. மார்க் ஷீட், டி.சி. ஒரிஜினல்களைக் கொடுக்கிறாய் என்றால் இன்ன தேதியில் இன்னது பெற்றுக்கொண்டோம் என்று எழுதி வாங்கு. பாதியில் நிற்க நினைத்த பெண்களை ஒரிஜினலைக் காட்டி மடக்கிய கதைகள் எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நோயாளியைக் குளிப்பாட்டுவது, படுக்கை மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது, சக்கர நாற்காலி தள்ளுவது, இதற்கெல்லாம் குறுகிய காலப் பயிற்சிகள் இருக்கின்றன. அது மரியாதையான வேலை. அந்த உதவியாளர்கள் இல்லாமல் எந்த ஆஸ்பத்திரியும் ஒரு நாள் ஓடாது. குடும்பச் சூழ்நிலைக்கு உடனே சம்பாதிக்க வேண்டும் என்றால் அதைத் தெரிந்தே தேர்ந்தெடு. அதை “நர்சிங்” என்று பெயர் மாற்றி விற்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ரத்தத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். நான் ஏ.என்.எம். படிக்கலாமா? என்னதான் சொல்லிக் கொடுப்பார்கள்?
– கல்லூரிக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் பெண், திருப்பாதிரிப்புலியூர்

எனக்கும் சுற்றியது, கண்ணு. நான் பார்த்த முதல் பிரசவத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் டியூட்டர் சிஸ்டர் திட்டவில்லை. “அந்த அம்மாவின் நாடியைப் பிடித்து எண்ணு” என்றார். கைக்கு ஒரு வேலை கிடைத்ததும் தலைசுற்றல் போய்விட்டது. மூன்றாவது, நான்காவது பிரசவத்தில் ரத்தம் கண்ணில் படாது, அது எவ்வளவு போகிறது என்ற கணக்குதான் மனதில் ஓடும்.

முதல் வருஷம் சமுதாய சுகாதாரம், சத்துணவு, மனித உடல், தொற்றுநோய், தடுப்பூசி, முதலுதவி, குழந்தை நலம். பிறகு மகப்பேறும் துணை சுகாதார நிலைய நிர்வாகமும். பாடப் பெயர்களைவிட, கையில் என்ன வரும் என்பதைச் சொல்கிறேன். வயிற்றைத் தொட்டுக் குழந்தையின் தலை எந்தப் பக்கம் என்று சொல்வாய். ஃபீட்டோஸ்கோப்பை வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பை எண்ணுவாய், நிமிடத்துக்கு 120-லிருந்து 160 வரை இருக்க வேண்டும். பி.பி. 140/90-ஐத் தொட்டால் அந்தத் தாயை உடனே டாக்டரிடம் அனுப்பத் தெரியும். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே ரத்தசோகை, 7-க்குக் கீழே ஆபத்து என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாய். முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்களுக்கு அந்தப் பாலில் விரல் கறுத்துத் தடித்துப்போயிருக்கும். ஹீமோகுளோபினுக்கு ஊசி குத்த நல்ல தோல் தேட வேண்டும். அதை எந்தப் புத்தகமும் சொல்லாது, பண்ருட்டிப் பக்கம் வேலை பார்த்தால் வரும்.

தடுப்பூசி என்றால் குத்துவது மட்டும் என்று நினைக்காதே. மருந்தை 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் காப்பாற்றிக் குழந்தையின் தொடை வரை கொண்டுசேர்ப்பதுதான் பெரிய வேலை. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே கேரியரில் வைத்தால் சில மருந்துகள் உறைந்து கெட்டுவிடும். வெளியே வைத்துக் குலுக்கிப் பார்த்து, உள்ளே தண்ணீர் சத்தம் கேட்ட பிறகுதான் அடுக்க வேண்டும். தடுப்பூசி போடுகிற புதன்கிழமை காலையில் அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடியே என் பாதி வாழ்க்கை போயிருக்கிறது.

எனக்கு வயது 31. இரண்டு பிள்ளைகள், சின்னவன் யு.கே.ஜி. கணவர் கடலுக்குப் போகிறவர். இந்த வயதில் சேர்ந்தால் சிரிப்பார்களா?
– ஒரு தாய், பரங்கிப்பேட்டை

சேரு தங்கச்சி. 35 வரைக்கும் இடம் உண்டு, நீ தாராளமாகச் சேரலாம். பிரசவ வேதனையை அனுபவித்தவள் பிரசவ அறையில் நிற்பதற்கும் புத்தகத்தில் படித்தவள் நிற்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆனால் ஒன்றை இப்போதே வீட்டில் பேசி முடிவு செய்துகொள். ராத்திரி டியூட்டி வரும், கிராமப் பயிற்சிக்கு வெளியே தங்க வேண்டி வரலாம், வருகைப் பதிவில் சலுகை இருக்காது. அந்த நாட்களில் சின்னவனை யார் ஸ்கூலுக்கு அனுப்புவார்கள்? மாமியாரா, அம்மாவா? வாய் வார்த்தையாக இல்லாமல் மாதக் கணக்குப் போட்டுப் பேசு. என் அனுபவத்தில் திருமணமான பெண்கள் பாதியில் நின்றது படிப்பு கஷ்டமாக இருந்து அல்ல, வீட்டில் இந்தப் பேச்சு நடக்காததால்தான்.

எங்கள் ஊர் பாகூர். கடலூர் பக்கம் படித்துவிட்டுப் புதுச்சேரியில் வேலை பார்க்கலாமா?
– ஒரு வாசகி, பாகூர்

பாகூர் எங்களுக்குக் கூப்பிடு தூரம். ஆனால் அரசாங்கக் கணக்கில் நீ வேறு, நான் வேறு. புதுச்சேரி சுகாதாரத் துறை தனியாக ஆள் எடுக்கிறது. தமிழ்நாட்டில் 2012-ல் தொடங்கிய மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் எடுக்கிறது, 2023-ல் 2,250 கிராம சுகாதார செவிலியர் இடங்களுக்கு அறிவிப்பு விட்டது அதுதான். குடியிருப்புச் சான்று, இட ஒதுக்கீடு எல்லாம் அந்தந்த அரசின் விதிப்படி. ஆகவே சேருவதற்கு முன்னால் புதுச்சேரியில் கடைசியாக வந்த அறிவிப்பை எடுத்து, தகுதிப் பத்தியை வரி விடாமல் படி. ஒரு மாநிலக் கவுன்சிலில் பதிந்துவிட்டு இன்னொரு மாநிலத்துக்கு வேலைக்குப் போனால் அங்கேயும் பதிவு கேட்பார்கள் என்பதையும் நினைவில் வை.

பிளஸ் டூவில் தொழிற்கல்வி நர்சிங் படித்தேன். அதுவே ஏ.என்.எம். தானே? என் தம்பியும் இதில் சேரலாமா?
– ஒரு மாணவி, விருத்தாசலம்

இரண்டுக்கும் இல்லைதான். உன் பிளஸ் டூ நல்ல அடித்தளம், ஆனாலும் ஏ.என்.எம். 2 வருஷம் தனியாகப் படிக்க வேண்டும். தம்பிக்கு ஜி.என்.எம். என்ற பொது செவிலியர் டிப்ளமோ, பி.எஸ்ஸி. நர்சிங் இரண்டும் திறந்திருக்கின்றன. ஊர் சுகாதார வேலைதான் பிடிக்கும் என்றால் ஆண்களுக்கான பல்நோக்கு சுகாதாரப் பணியாளர் பயிற்சி முடித்து சுகாதார ஆய்வாளர் ஆகலாம்.

நான் ஏ.என்.எம். இரண்டாம் வருஷம். ஜி.என்.எம். படிக்கும் என் அக்கா “நீ துணைதானே” என்கிறாள். மேலே படிக்க வழி உண்டா?
– ஒரு மாணவி, மஞ்சக்குப்பம்

2011 டிசம்பர் 30-ம் தேதி விடியற்காலையில் தானே புயல் கரையேறியபோது நான் துணை சுகாதார நிலையத்திலேயே தங்கியிருந்தேன். அந்த வாரம் தேதி கொடுத்திருந்த இரண்டு கர்ப்பிணிகளை என் ரெஜிஸ்டரைப் பார்த்து முதல் நாளே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டேன். மூன்றாவது பெண்ணுக்கு இன்னும் 12 நாள் இருந்தது. அவளுக்குத்தான் அன்று காலை வலி எடுத்தது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து ரோடு முழுக்கக் கிடந்தன. கரண்ட் இல்லை, போன் இல்லை, 108 வர வழி இல்லை. நான்கு பேர் கட்டிலோடு அவளைத் தூக்கி வந்தார்கள். எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில் பிள்ளை பிறந்தான். ரத்தப்போக்கைத் தடுக்கிற ஆக்சிடோசின் ஊசியை ஒரு நிமிடத்துக்குள் 10 யூனிட் அவள் தொடையில் போட்டேன். குழந்தையைத் துடைத்துத் தாயின் நெஞ்சில் போட்டுப் போர்த்தினேன். ரத்தப்போக்கு நிற்கிறதா என்று இரண்டு மணி நேரம் அவள் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. அந்த ஊரில் அன்றைக்கு டாக்டரும் நர்சும் துணையும் எல்லாம் ஒருத்திதான். உன் அக்காவிடம் இதைச் சொல், சண்டைக்காக அல்ல. அவளும் ஒரு நாள் கிராமத்துக்கு வரலாம்.

வழி இருக்கிறது. பதிவு பெற்ற ஏ.என்.எம். ஜி.என்.எம்.மில் சேரலாம், உங்களுக்கு 35 வயது என்ற உச்சவரம்பும் கிடையாது. வேலைக்குப் போனால் பகுதி சுகாதார செவிலியர், சமுதாய சுகாதார செவிலியர் என்று பதவி உயர்வும் உண்டு. முதலில் இன்டர்ன்ஷிப்பை முடி. முடித்த மாதமே கவுன்சிலில் பதிந்துவிடு, தள்ளிப் போடாதே. பதிவுச் சான்றை லேமினேட் செய்யாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு வை, பின்னால் அதில் புதுப்பித்தல் எழுத வேண்டி வரலாம்.