நீர்க்கரைப் பாதை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஆற்றங்கரை நடைபாதை மூன்று துண்டாகக் கிடக்கிறது. இருப்பதை அகலப்படுத்துவதா, துண்டுகளை இணைப்பதா?

பதில்: இணைப்புதான் முதலில். நடுவே 100 மீட்டர் அறுந்திருந்தாலும் சைக்கிளில் வருபவர் அந்த இடத்தில் பெருஞ்சாலைக்கு ஏறியாக வேண்டும். பயந்தவர்கள் அத்தோடு சைக்கிளை விட்டுவிடுவார்கள். அடுத்தது, ஊர்த் தெருக்களிலிருந்து கரைக்கு இறங்கும் வழிகள். சாலையைக் கடக்கும் இடத்தில் நடுத்திட்டு வைத்தால் அதன் அகலத்தை அளந்து பாருங்கள். சைக்கிளின் நீளம் சுமார் 1.8 மீட்டர். 1.5 மீட்டர் திட்டில் நிறுத்தினால் பின்சக்கரம் வண்டி ஓடும் தடத்தில் நிற்கும். 2 மீட்டருக்குக் குறையக் கூடாது. 3 மீட்டர் இருந்தால் பின்னால் பெட்டி இழுத்து வருபவரும் நிற்கலாம்.

கேள்வி: நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து 3 மீட்டர் போதுமா?

பதில்: கூட்டம் குறைவென்றால் போதும். ஆனால் வரைபடத்தில் உள்ள 3 மீட்டர் தரையில் கிடைப்பதில்லை. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் கைப்பிடிக் கம்பி என்றால் ஹேண்டில்பார் இடிக்குமோ என்று எல்லோரும் இரு பக்கமும் அரை மீட்டர் விலகியே போவார்கள். மிஞ்சுவது 2 மீட்டர். அதில் ஒரு பெஞ்சைப் போட்டு, உட்கார்ந்தவர் காலை நீட்டினால் கதை முடிந்தது. பெஞ்சைப் பாதைக்கு வெளியே ஒரு மீட்டர் தள்ளிப் போடுங்கள்.

மாலையில் கூட்டம் சேரும் இடங்களில் இரண்டையும் பிரிப்பதே நல்லது. நின்று நீரைப் பார்ப்பவர்கள் நடப்பவர்கள்தான். அவர்களுக்கு நீர்ப்பக்கம், சைக்கிளுக்கு ஊர்ப்பக்கம். வெறும் பெயின்ட் கோட்டை யாரும் மதிப்பதில்லை. சற்றே உயர்ந்த, சரிவான விளிம்பு வையுங்கள். செங்குத்தான விளிம்பில் சக்கரம் உரசினால் ஆள் விழுவார்.

கேள்வி: மோட்டார் பைக் நுழையாமல் வாயிலில் கம்பி நட்டார்கள். இப்போது சக்கர நாற்காலியும் போக முடியவில்லையே?

பதில்: பைக்கும் சக்கர நாற்காலியும் ஏறக்குறைய ஒரே அகலம். ஒன்றைத் தடுத்து மற்றதை விடும் கம்பி கிடையாது. கார் நுழையாமல் தடுப்பதோடு கம்பியின் வேலை முடிகிறது. பைக்கைக் கண்காணிப்பும் அபராதமும்தான் நிறுத்தும். இடைவெளி 1.5 மீட்டர் விடுங்கள். ஒரு கம்பி அல்லது மூன்று கம்பி நடலாம், இரண்டு வேண்டாம். இரண்டு நட்டால் எதிரெதிரே வரும் இருவரும் நடு இடைவெளிக்கே பாய்வார்கள். இறக்கத்தின் அடியில் நடவே கூடாது. இரவில் தெரிய ஒளிரும் பட்டையும் ஒட்டுங்கள்.

கேள்வி: பாலத்தின் அடியில் பாதை போடலாமா?

பதில்: தாராளமாக. தலைக்கு மேல் 2.5 மீட்டர் இடம் வேண்டும். ஏற்றம் 20-க்கு 1-ஐ, அதாவது 20 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் உயரத்தைத் தாண்ட வேண்டாம். வெள்ளம் வடிந்ததும் படியும் சேற்றை யார் வாருவது என்பதைக் கட்டும் முன்பே எழுத்தில் முடிவு செய்யுங்கள். மரப்பலகை பதித்தால் போகும் திசைக்குக் குறுக்காகப் பதிக்க வேண்டும். நீளவாக்கில் பதித்தால் இடுக்கில் டயர் மாட்டும்.