மூடிய ஆல்பத்துக்குள்ளும் நசுங்காத காகிதப் பூக்கள்

கேள்வி: என் மகளின் முதல் ஆண்டுப் புகைப்படங்களை ஸ்கிராப்புக் ஒன்றில் ஒட்டி, பக்க ஓரங்களில் நானே செய்த காகித ரோஜாக்களை வைத்தேன். ஆல்பத்தை மூடினால் பூக்கள் சப்பையாகிவிடுகின்றன. ஆல்பமும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. சில ரோஜாக்கள் தாமாகவே அவிழ்ந்துவிட்டன. ஒரு பக்கத்தில் சிவப்புப் பூவின் சாயம் புகைப்படத்தில் இறங்கியிருக்கிறது. எந்தத் தாளில், எப்படிச் செய்தால் இவை நிலைக்கும்? ஏற்கெனவே செய்தவற்றைக் காப்பாற்ற வழி உண்டா?

பதில்: ஸ்கிராப்புக் பக்கத்தில் ஒட்டும் பூவை நாம் ஆண்டுக்குச் சில மணி நேரம்தான் பார்க்கிறோம். மற்ற நாளெல்லாம் அது இரண்டு பக்கங்களுக்கு நடுவே, எடையின் கீழ், இருட்டில், ஒரு புகைப்படத்துக்கு மிக அருகில் இருக்கிறது. ஜாடியில் வைப்பதற்கான பூவைச் செய்யும் முறையிலேயே ஆல்பத்துக்கான பூவையும் செய்வதால்தான் நீங்கள் எழுதியிருக்கும் சிக்கல்கள் பெரும்பாலும் வருகின்றன. ஆகவே கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன், பூவின் உயரம் எத்தனை மில்லிமீட்டர் என்பதைத் தீர்மானித்துவிடுங்கள். நிறம், வடிவம், இதழ்களின் எண்ணிக்கை எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

முதலில் அந்தக் கணக்கைப் பார்ப்போம். பத்துத் தாள்கள் கொண்ட ஆல்பத்தில் ஒவ்வொரு தாளிலும் 10 மி.மீ. உயரமுள்ள ரோஜா ஒன்று, ஒரே மூலையில் இருந்தால், அந்த மூலையில் மட்டும் 10 செ.மீ. சேர்ந்துவிடும், ஆல்பத்தின் முதுகோ இரண்டு, மூன்று செ.மீ.க்கு மேல் இருக்காது. முதுகுப் பக்கம் இறுகியிருக்க, எதிர்ப்பக்கம் விரிந்து நிற்பதைத்தான் நீங்கள் வாய் பிளப்பது என்கிறீர்கள். எதிரெதிராக அமையும் இரு பக்கங்களுக்கும் சேர்த்து 6 மி.மீ. என்று ஒரு வரம்பை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் 6 மி.மீ. பூ இருந்தால் அதற்கு நேரெதிரே வெறும் தாள் இருக்க வேண்டும். இரு பக்கங்களிலும் பூ வேண்டுமானால் ஒவ்வொன்றும் 3 மி.மீ.க்குள் அடங்க வேண்டும். பூக்களின் இடத்தையும் பக்கத்துக்குப் பக்கம் மாற்றுங்கள். திருகாணி வைத்துக் கட்டும் ஆல்பமாக இருந்தால் நீளமான திருகாணிகளைப் போட்டு முதுகை அகலப்படுத்தலாம். ஒட்டித் தைத்த ஆல்பத்தில் அதற்கு இடமில்லை என்பதால், அதில் தட்டையான பூக்களைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்கள் ரோஜாக்கள் வட்டத்தைச் சுருளாக வெட்டிச் சுற்றிய வகை என்று கொள்கிறேன். ஸ்கிராப்புக்குகளில் அதிகம் காணப்படுவது அதுதான். இந்த ரோஜாவில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வெட்டும் பட்டையின் அகலமே பூவின் உயரம். வட்டம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் உயரம் கூடாது, சுற்றுகளின் எண்ணிக்கைதான் கூடும். 10 செ.மீ. வட்டத்தில் ஒன்றரை செ.மீ. அகலத்துக்கு வெட்டினால் 15 மி.மீ. உயரமுள்ள, எந்த ஆல்பத்திலும் நசுங்கியே தீர வேண்டிய பூதான் கிடைக்கும். அதற்குப் பதிலாக 6 செ.மீ. விட்டத்தில் ஒரு வட்டம் வரைந்து, 6 மி.மீ. அகலத்தில் சுருளாக வெட்டி, நடுவில் ஒன்றரை செ.மீ. விட்டத்துக்கு ஒரு வட்டை மிச்சம் வையுங்கள். ஏறத்தாழ 44 செ.மீ. நீளமுள்ள பட்டை கிடைக்கும். ஒரு சிறிய ரோஜாவுக்கு அது தாராளம்.

இதற்கான தாள் 100 முதல் 120 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரை இருப்பது நல்லது. அச்சுப்பொறிக்குப் பயன்படும் 80 ஜி.எஸ்.எம். தாள் சுற்ற எளிதாக இருந்தாலும் அழுத்தம் தாங்காது, 200 ஜி.எஸ்.எம்.க்கு மேற்பட்ட அட்டைத்தாள் சுற்றும்போதே வெடிக்கிறது. வெடிப்பதற்குக் காரணம் தாளின் இழையோட்டம். இயந்திரத்தில் தாள் உருவாகும்போது நார்கள் பெரும்பாலும் அது ஓடும் திசையிலேயே படிகின்றன. அந்தத் திசையை ஒட்டித் தாள் எளிதாக வளையும், குறுக்கே வளைத்தால் முரண்டுபிடிக்கும். சுருளாக வெட்டிய பட்டையில் ஒவ்வொரு கால் சுற்றுக்கும் இழையோட்டம் மாறிக்கொண்டே இருப்பதால், தடித்த தாளில் ஓரிடம் வழுவழுப்பாகச் சுற்றி, அடுத்த இடம் மடிந்து நிற்கும். இது உங்கள் கையின் குறை என்று எண்ணி வருந்த வேண்டாம். நேரான இதழ்களாக வெட்டும் பூக்களில் மட்டும் இழையோட்டத்தைப் பார்த்தே வெட்டலாம்: ஒரு துண்டுத் தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் இணங்கி வளைகிறதோ அந்த வளைவின் அச்சுத்தான் இழையோட்டத்தின் திசை.

இனி சுற்றும் முறைக்கு வருவோம். சுருளின் வெளிநுனியிலிருந்து தொடங்க வேண்டும். நடுவட்டிலிருந்து தொடங்கினால் பூ அமையாது. பட்டையின் வெளி ஓரத்தைச் சற்றே அலை அலையாக வெட்டியிருந்தால் இதழ் போலத் தெரியும். உள் ஓரம் நேராக இருக்கட்டும், ஏனெனில் அதுதான் பூவின் அடி. நுனியைச் சாமணத்தின் இரு முனைகளுக்கு நடுவே பிடித்து, முதல் மூன்று சுற்றுகளை இறுக்கமாகச் சுற்றுங்கள், அது மொட்டு. பிறகு பிடியைத் தளர்த்திக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு சுற்றின் அடியோரமும் முந்தைய சுற்றின் அடியோரத்தோடு ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்பதை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். இங்கே ஒரு மில்லிமீட்டர் ஏறி இறங்கினாலும் பிறகு பசை சரியாகப் பிடிக்காது. கடைசியில் நடுவட்டு பூவின் அடிக்கு வந்து மூடிபோல் நிற்கும். அப்போது சாமணத்தை எடுத்துவிட்டு, பூவை உள்ளங்கையில் வைத்துத் தானாக விரிய விடுங்கள். சரியான அளவுக்கு விரிந்ததும் வட்டின் முகம் முழுவதும் பசையைத் தடவி, எல்லாச் சுற்றுகளின் அடியோரமும் அதில் படியும்படி ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

உங்கள் ரோஜாக்கள் அவிழ்ந்ததற்கான காரணமும் இங்கேதான் இருக்கிறது. பட்டையின் முடிவில் மட்டும் ஒரு பொட்டுப் பசை வைத்தால் மற்ற சுற்றுகள் எதிலும் ஒட்டாமல் நிற்கின்றன. தாள் தன் பழைய நிலைக்குத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும், ஆல்பத்தை ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் அது கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். பசையைப் பொறுத்தவரை, அமிலமற்றது என்று குறிப்பிட்டு விற்கப்படும் பி.வி.ஏ. வெள்ளைப் பசையே போதுமானது. சூடாக்கி ஒட்டும் பசைக் குச்சியை நான் ஆல்பங்களில் பயன்படுத்துவதில்லை. அது தானே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் சேர்ப்பதோடு, வெப்பம் கூடிய இடத்தில் இளகியும் விடுகிறது. ரப்பர் பசையும் ரப்பர் அடிப்படையிலான இருபக்க டேப்பும் நாளடைவில் மஞ்சளாகித் தாளுக்குள் கசியக் கூடியவை. பூவைப் பக்கத்தில் ஒட்டும்போதும் அடிவட்டில் மட்டுமே பசை இருக்க வேண்டும். இதழ்களின் வெளிப்பகுதி அசைவதற்கு இடம் இருந்தால்தான், ஆல்பத்தை மூடும்போது அது மடங்காமல் சாயும்.

ரோஜாதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால், அடுக்குப் பூவை ஒருமுறை செய்து பாருங்கள். ஆல்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான வகை இல்லை என்பது என் எண்ணம். ஐந்து இதழ் கொண்ட வடிவத்தை 5, 4, 3 செ.மீ. என மூன்று அளவுகளில் வெட்டி, ஒவ்வோர் அடுக்கையும் 36 பாகை திருப்பி வைத்தால், மேலடுக்கின் இதழ் கீழடுக்கின் இடைவெளிக்கு மேலே வந்து அமரும். வெட்டிய இதழ்களின் மீது ஈரப் பஞ்சை ஒருமுறை ஒற்றி, மென்மையான ரப்பர் விரிப்பின் மீது வைத்து, தேக்கரண்டியின் முதுகால் இதழின் நடுவில் வட்டமாக அழுத்துங்கள். ஈரம் பட்டதும் தாளின் நார்களுக்கு இடையிலுள்ள பிணைப்புகள் தளர்கின்றன. உலரும்போது புதிய வடிவத்திலேயே மீண்டும் பிணைகின்றன. ஈரமில்லாமல் வளைத்த இதழ் சில நாளில் நிமிர்ந்துவிடும். ஈரத்தில் வளைத்து உலர்ந்தது அப்படியே நிற்கும்.

இந்தப் பூவின் நடுவில், மகரந்தம் இருக்க வேண்டிய இடத்தில், 3 மி.மீ. அகலமுள்ள காகிதப் பட்டையை இறுக்கமாகச் சுருட்டி ஒட்டுங்கள். காகிதப் பட்டைகளைச் சுருட்டி உருவங்கள் அமைக்கும் குயில்லிங் கலையைச் செய்பவர்களுக்கு இந்தச் சுருள் பழக்கமானதுதான். தட்டையாகக் கிடக்கும் தாள் எளிதில் நசுங்கும். ஆனால் விளிம்பில் நிற்கும் தாள், அதுவும் பல சுற்றாக இறுகி நிற்கும் தாள், விரலால் அழுத்தினாலும் அசையாது. அந்தச் சிறு சுருள் அழகுக்கு மகரந்தமாகவும், எதிர்ப்பக்கத்தின் எடையைத் தாங்கும் தூணாகவும் இருக்கும். சுற்றியுள்ள இதழ்கள் அதன் உயரம் வரை மட்டுமே தாழும்.

உயரமான ரோஜாவை விட மனமில்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. 5 மி.மீ. தடிமனுள்ள ஃபோம் அட்டையைப் பூவின் உயரத்துக்குக் குறையாதபடி அடுக்கி, சன்னல்போல் ஒரு சட்டம் வெட்டிப் பக்கத்தில் ஒட்டி, அதன் பள்ளத்துக்குள் பூவை வைத்தால், எடை முழுவதும் சட்டத்தில் இறங்கும். ஆனால் பக்கம் தடிமனாகும் என்பதால், ஓர் ஆல்பத்தில் இப்படி ஒன்றிரண்டு பக்கங்களோடு நிறுத்திக்கொள்வது நலம்.

அடுத்தது, நீங்கள் கேட்காவிட்டாலும் நான் சொல்லாமல் விட முடியாதது, தாளின் தரம். செய்தித்தாள், மலிவான வண்ணத்தாள் போன்றவற்றில் மரத்தின் நார்களைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருள் நீங்காமல் இருக்கிறது; ஒளியும் காற்றும் படப் பட அது மஞ்சளாகி, அமிலத்தையும் உண்டாக்குகிறது. பழைய புத்தகங்களின் தாள் நொறுங்குவதற்கு அமிலமே முதன்மைக் காரணம் என்பதை அமெரிக்க ஆவணப் பாதுகாப்பாளர் வில்லியம் பேரோ 1950களில் நடத்திய ஆய்வுகள் நிறுவின. இன்று நீடித்து நிற்கும் தாளுக்கென ஐ.எஸ்.ஓ. 9706 என்ற தரக்குறியீடு இருக்கிறது. அமிலத்தை எதிர்கொள்ளக் குறைந்தது 2 விழுக்காடு கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான காரச் சேமிப்பை அது கோருகிறது. ‘அமிலமற்றது, லிக்னின் அற்றது’ என்று இரண்டும் குறிப்பிடப்பட்ட தாளை வாங்குங்கள். புகைப்படத்துக்கு அருகில் வரும் பொருள்களைச் சோதிப்பதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 18916 என்ற தனிச் சோதனை உள்ளது. அதில் தேறியதாகக் குறிப்பிடப்பட்ட தாளும் பசையும் கிடைத்தால் அவற்றுக்கே முதலிடம் கொடுங்கள். கையில் ஏற்கெனவே இருக்கும் தாளைச் சோதிக்க பி.எச். பேனா உதவும்: அதன் கோடு ஊதா நிறமானால் தாளில் அமிலமில்லை, மஞ்சளாகவே நின்றால் அமிலம் இருக்கிறது. அந்தக் கோடு அழியாது என்பதால், வெட்டி மிஞ்சிய துண்டில் மட்டும் போட்டுப் பாருங்கள்.

சாயம் இறங்கியதற்கு வருகிறேன். சிவப்பு, அடர் ஊதா, கருநீலம் ஆகிய நிறங்களில் வரும் கிரேப் தாளும் டிஷ்யூ தாளும் மிகச் சிறிய ஈரத்திலேயே சாயத்தை விடக்கூடியவை. பசையின் ஈரமோ, காற்றின் ஈரப்பதமோகூடப் போதும். எந்த வண்ணத்தாளாக இருந்தாலும் ஒரு துண்டை நனைத்து, வெள்ளைத் தாள் இரண்டுக்கு நடுவே வைத்து, கனமான புத்தகம் ஒன்றின் அடியில் ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் வெள்ளைத் தாளில் சிறு நிழல் தெரிந்தாலும் அந்த வண்ணத்தாள் ஆல்பத்துக்கு ஆகாது. நான் இப்போது வெள்ளைத் தாளையே எடுத்து, நிறமி வகை மையால் இதழ்களுக்கு வண்ணமேற்றுகிறேன். சாய வகை மையைவிட அது நீரையும் ஒளியையும் நன்றாகத் தாங்குகிறது, இதழின் ஓரத்தை மட்டும் அடர்த்தியாக்கும் வசதியும் கிடைக்கிறது. பூ புகைப்படத்தின் மீது ஒருபோதும் ஏறக் கூடாது. நேரெதிர்ப் பக்கத்தில் புகைப்படம் இருந்தால் நடுவில் பாலியெஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலீன் உறை இருக்கட்டும். பி.வி.சி. உறைகள் காலப்போக்கில் படத்துக்கே தீங்கு செய்யும்.

சாயம் இறங்கிய புகைப்படத்தை ஈரத் துணியால் துடைக்க வேண்டாம். கறை பரவுவதோடு படத்தின் மேற்பரப்பும் கெடும். முதலில் நல்ல தெளிவில் ஸ்கேன் செய்து, கணினியில் கறையை நீக்கிப் புதுப் பிரதி எடுத்து அதை ஆல்பத்தில் வையுங்கள். மூலப் படத்தைத் தனி உறையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள்.

நசுங்கிய ரோஜாக்களைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம், ஆனால் ஆல்பத்தில் இருக்கும்போதே முயல வேண்டாம். நீராவி பட்டால் புகைப்படத்தின் மேற்பூச்சு இளகி எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யப் பயன்படும் நூலைப் பூவின் அடிக்கும் பக்கத்துக்கும் நடுவே செலுத்தி, இரு கைகளாலும் மெல்ல அறுப்பதுபோல் இழுத்தால் பூ தனியே வந்துவிடும். சாயம் விட்ட சிவப்புப் பூவை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றைக் கொதிக்கும் கெண்டியின் ஆவிக்கு ஒரு சாண் தள்ளி, சாமணத்தில் பிடித்து ஐந்தாறு நொடிகள் காட்டுங்கள். தாள் தளர்ந்ததும் வெளிச்சுற்றிலிருந்து உள்நோக்கி, ஊசிமுனையால் ஒவ்வொரு சுற்றாக நிமிர்த்துங்கள். அடிவட்டுக்குப் புதிதாகப் பசை தடவி, முழுவதும் உலர ஒரு நாள் விடுங்கள். பிறகு அளவுகோலை வைத்து உயரத்தைப் பாருங்கள். 6 மி.மீ.க்கு மேல் நிற்கும் பூவை அந்த ஆல்பத்தில் மீண்டும் ஒட்டாமல், மகளின் படம் ஒன்றைச் சட்டமிட்டு மாட்டும்போது கண்ணாடிக்கு வெளியே, சட்டத்தின் மூலையில் வைத்துக்கொள்ளுங்கள்.