கோடையில் மணல் வடிகட்டி அடைத்துக்கொண்டால் பிளீச்சிங் பவுடர் போடலாமா?

போடாதீர்கள். பில்டர் பெட்டின் மேல், அதாவது தண்ணீர் வடியும் மணல் படுகையின் மேல், போடவே போடாதீர்கள். வடித்த பிறகு, கடைசித் தொட்டியில் குளோரின் சேர்ப்பது வேறு விஷயம்.

உங்கள் குடியிருப்பில் இருப்பது மெதுமணல் வடிகட்டி என்று எடுத்துக்கொள்கிறேன். தொட்டி திறந்து கிடக்கும், மேலே பச்சைப் பாசி மிதக்கும், "இதையா குடிக்கிறோம்?" என்று யாராவது கத்தியிருப்பார்கள். ஆனால் மணலின் மேல் ஓரிரு சென்டிமீட்டரில் படியும் அந்த வழவழப்புதான் தண்ணீரைச் சுத்தம் செய்கிறது. கிருமியைப் பிடிப்பதும் தின்பதும் அதிலிருக்கும் நுண்ணுயிர்கள். அது தடித்தால் தண்ணீர் இறங்காது. அதுவே இல்லாவிட்டால் கிருமி இறங்கிவிடும். 1892 காலராவில் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 8,000 பேருக்கு மேல் செத்தார்கள். அதே எல்பே ஆற்றில், அதற்கும் கீழே நீரெடுத்த பக்கத்து ஊர் அல்டோனா மணலில் வடித்துக் குடித்ததால் பெரும்பாலும் தப்பியது.

நான் ஒரு மலையடிவார ஊரில் பெட் ஆபரேட்டராக இருந்தவன். மேலதிகாரி ஒருவர் வருகிறார் என்று கான்ட்ராக்டரின் ஆட்கள் பெட்டில் மூட்டை மூட்டையாக பிளீச்சிங் பவுடரைக் கொட்டினார்கள். நான் வேண்டாம் என்றேன். "படித்தவர்கள் சொல்கிறோம், நீ வால்வைத் திருகு" என்றார்கள். பாசி செத்து, தண்ணீர் சரசரவென்று இறங்கியது. எல்லாருக்கும் சந்தோஷம். அப்புறம் பெட்டிலிருந்து வெளிவரும் தண்ணீரை ஹெச்2எஸ் குப்பியில் பிடித்து வைத்தோம். மலக்கிருமி கலந்த தண்ணீர் என்றால் கறுக்கும் சோதனைக் குப்பி அது. குப்பி கறுத்துப்போனது. படலம் திரும்ப வளரும்வரை அந்தத் தண்ணீரை ஊருக்கு விடாமல் ஓடையில் விட வேண்டியிருந்தது. திட்டு வாங்கியது யார்? வால்வு திருகியவன்தான். ஊருக்கே தண்ணீர் கொடுக்கும் அந்த ஆபீஸில் மேஜைக்கு மேஜை கேன் தண்ணீர். மணல் சுரண்டும் தினக்கூலிக்கு ஒரு ஜோடி கம்பூட்ஸ் கேட்டால் மட்டும் நிதி இல்லை. சரி, அதை விடுங்கள்.

வெளிவால்வை முழுதாகத் திறந்தும் வரத்து குறைந்தால் சுரண்டும் நேரம் வந்துவிட்டது. நீர்மட்டத்தை மணலுக்குக் கீழே ஒரு சாண் இறக்கி, மேல் மணலை ஓரிரு சென்டிமீட்டர் மட்டும் வழியுங்கள். வேலையை ஒரே நாளில் முடியுங்கள், பெட் வெயிலில் காயக் கூடாது. திரும்ப நிரப்பும்போது வடித்த நீரை அடியிலிருந்து ஏற்றுங்கள். மேலிருந்து கொட்டினால் மணலுக்குள் காற்று சிக்கும். முதல் சில நாள் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள். இரவில் வால்வை மூடி வைக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள், ஆக்சிஜன் இல்லாமல் படலம் சாகும். கோடைப் பாசிக்கு மேலே கூரை போட்டாலே பாதித் தொல்லை தீரும்.

எம்.டெக் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். கீழிருந்து தண்ணீரைப் பாய்ச்சிக் கழுவும் வேக வடிகட்டியைப் பற்றி நான் பேசவில்லை, அதற்கு வைத்தியமே வேறு.

மணல் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்றும் அளந்து பாருங்கள். சுரண்டிச் சுரண்டி அரை மீட்டருக்கு வந்திருந்தால், புது மணலுக்கான செலவை அடுத்த கமிட்டிக் கூட்டத்திலேயே வைத்துவிடுங்கள்.