எல்லோரையும் 'வியாபாரி' என்று எழுதலாமா?

கேள்வி: மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். ஹாக்கர், வெண்டர், டீலர், புரோக்கர், ஏஜென்ட் என்று எது வந்தாலும் 'வியாபாரி' அல்லது 'விற்பனையாளர்' என்று போட்டுவிடுகிறேன். ஓர் ஒப்பந்தத்தில் இதனால் பொருளே மாறிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கே எந்தச் சொல்லை எடுப்பது?

பதில்: அகராதியைத் திறப்பதற்கு முன், சரக்கு யாருடையது என்று பாருங்கள். சொந்தப் பணத்தைப் போட்டு வாங்கி, விலை ஏறினாலும் இறங்கினாலும் தானே தாங்கிக்கொண்டு விற்பவர் வியாபாரி. அடுத்தவர் சரக்கை அவர் சார்பில் விற்றுக் கமிஷன் எடுத்துக்கொள்பவர் முகவர். சரக்கைத் தன் பொறுப்பில் வாங்கிக்கொள்ளாமல், வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைத்துத் தரகு பெறுபவர் தரகர். மூவரும் கடைத்தெருவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் நஷ்டம் வந்தால் அது யார் தலையில் விழும் என்பது மூவருக்கும் வேறு வேறு.

அதிகம் பிசகுவது டீலர் விஷயத்தில்தான். பேச்சில் "அந்தக் கம்பெனி ஏஜென்சி எடுத்திருக்கார்" என்கிறோம். அதைக் கேட்டுப் பழகிய கை 'முகவர்' என்று எழுதிவிடும். ஆனால் டீலர் பெரும்பாலும் கம்பெனியிடம் பணம் கட்டிச் சரக்கை வாங்கி, தன் கணக்கில் விற்பவர். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் முகவருக்கென்று தனி அத்தியாயமே இருக்கிறது. முகவர் தன் அதிகாரத்துக்கு உட்பட்டுச் செய்யும் செயல், அவரை நியமித்தவரைக் கட்டுப்படுத்தும். டீலரை முகவர் ஆக்கினால், அவர் கொடுக்கும் வாக்குக்கெல்லாம் கம்பெனி பொறுப்பு என்று தமிழ்ப் பிரதி சொல்லத் தொடங்கிவிடும். உங்கள் ஒப்பந்தத்திலும் இப்படி ஏதாவது நடந்திருக்கலாம், பாருங்கள். 'டீலர்' என்றே விட்டுவிடுவது பாதுகாப்பு. எல்லோருக்கும் புரிந்த சொல். டிஸ்டிரிபியூட்டருக்கு 'விநியோகஸ்தர்' நன்றாக நிலைத்துவிட்டது.

'விற்பனையாளர்' என்ற சொல்லில் இன்னொரு சிக்கல். நியாயவிலைக் கடையில் விற்பனையாளர் என்பது ஒரு பணியிடம். அங்கே இருப்பவர் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார், சரக்கு அவருடையது இல்லை. ஆகவே கடை முதலாளியை விற்பனையாளர் என்று எழுதினால் ஊழியர் போலத் தொனிக்கும். அலுவலகக் கடிதங்களில் வரும் 'வெண்டர்' வேறு ஆள்: நிறுவனத்துக்குப் பொருளோ சேவையோ கொடுப்பவர். அவருக்கு 'வழங்குநர்' என்றோ சப்ளையர் என்றோ எழுதுங்கள். கிரயப் பத்திரமாக இருந்தால் 'விற்பவர்' போதும்.

அதே வெண்டர் தெருவுக்கு வந்தால் சாலையோர வியாபாரி அல்லது தெருவோர வியாபாரி. 2014இல் இயற்றப்பட்ட தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம், ஹாக்கர், பெட்லர் முதலான சொற்களையும் வட்டார வழக்குகளையும் ஒரே வரையறைக்குள் சேர்த்துக்கொள்கிறது. எனவே சட்டம், விண்ணப்பம், அரசுச் சுற்றறிக்கை என்றால் ஒரே சொல்லைத் தேர்ந்து கடைசி வரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்குப் பக்கம் மாற்றினால், வேறு வேறு பிரிவினரைச் சொல்வதாக அதிகாரி எடுத்துக்கொள்வார். 'நடைபாதை வியாபாரி' என்பதைப் பொதுச்சொல்லாக்க வேண்டாம். தள்ளுவண்டியோடு தெருத்தெருவாகப் போகிறவர் நடைபாதையில் இல்லை. அவர் நடமாடும் வியாபாரி. கூடையைத் தலையில் வைத்துப் போகிறவருக்குத் 'தலைச்சுமை வியாபாரி' என்ற அருமையான சொல் இருக்கிறது. தரையில் சாக்கை விரித்து வைப்பது தரைக்கடை.

கதை, கட்டுரை என்றால் இந்த ஒழுங்கெல்லாம் தளர வேண்டும். "காலையில் ஒரு காய்கறி விற்பனையாளர் தெருவில் கூவிச் சென்றார்" என்று ஒரு வாக்கியம். இலக்கணப் பிழை இல்லை, ஆனால் தெருவில் யாரும் அப்படி ஓர் ஆளைப் பார்த்ததில்லை. "காலையில் கீரைக்காரம்மா குரல் கேட்டது" என்று மாற்றுங்கள். ஆளும் கூடையும் வந்துவிடும். பொருளின் பெயரோடு 'காரர்' சேர்ப்பதுதான் தமிழில் தெரு வியாபாரிக்குப் பெயர் வைக்கும் வழி. ஒற்றில் கவனம்: பூக்காரர், கீரைக்காரர், தயிர்க்காரர் என்று மிகும், பால்காரர், மீன்காரர் என்பவற்றில் மிகாது, பழம் என்பதில் மகரம் கெட்டுப் பழக்காரர் ஆகும். '-காரன்', '-காரி' பாத்திரத்தின் வாயில் வரலாம். உங்கள் சொந்த நடையில் வேண்டாம். விடிவதற்கு முன் எழுந்து நம் வாசலுக்குச் சுமந்து வருகிறவருக்கு ஒரு 'ர்' விகுதி கொடுப்பது மிகக் குறைந்தபட்ச மரியாதை.

வணிகர், வியாபாரி இரண்டும் ஒன்றுதான். முன்னது மேடைக்கும் சங்கப் பெயர்ப்பலகைக்கும், பின்னது வாய்க்கும். வாணிபமா வாணிகமா என்று கேட்டால், பழைய வடிவம் வாணிகம். ஆனால் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் பெயரிலேயே மற்றது இருக்கிறது. பெயரைத் திருத்தப் போகாதீர்கள். செட்டியார் என்பது சமூகப் பெயர். இன்றைய பிரதியில் வணிகர் என்பதற்கு மாற்றாக அதைப் போட்டால் தவறு.

சரித்திரக் கதை கைக்கு வந்தால் பழஞ்சொற்கள் உதவும்: வண்டிகளில் உப்பு ஏற்றிச் சென்று விற்றவர் உமணர், தானியம் விற்றவர் கூலவாணிகர், துணி விற்றவர் அறுவை வாணிகர், கூட்டமாகப் பயணம் போன வணிகர் குழு சாத்து. 'அறுவை' என்றதும் இன்றைய வாசகர் சிகிச்சையை நினைப்பார். 'கூலம்' கூலியாகப் படும். முதல் முறை வரும்போது, துணியையோ தானியத்தையோ அதே வாக்கியத்துக்குள் காட்டிவிடுங்கள், அடிக்குறிப்பு தேவைப்படாது.